மானிட்டருக்குத் தனிக் குமிழ்

எங்கள் பழைய சவுண்ட் மிக்சர், கிணத்துக்கடவில் ஒரு புதுவீட்டு விசேஷத்தில் மழையில் நனைந்து செத்தது. என் மனைவிக்கு அதில் சந்தோஷம்தான். ஸ்கூட்டரில் அந்தப் பாரத்தை மடியில் வைத்து வைத்து முட்டி போய்விட்டதாம். இனி கைப்பைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று போதும் என்றாள்.

நாங்கள் இரண்டே பேர். காதுகுத்து, சீர் என்று ஐம்பது பேர் கூடும் இடங்களில் காரோக்கி போட்டுப் பாடுவோம். மிக்சர் என் பொறுப்பு. மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதன்பின் மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் உடைந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படி. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, நல்லா இருந்துச்சுங்க அம்மணி என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நானும் சொல்லவில்லை. கோழை. பாடுவது அவளுக்கே கேட்க, அவள் காலடியில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு மிக்சரில் தனிக் குமிழ் உண்டு. அதில் அவள் குரலைக் கூட்டி, எக்கோ கலந்து கொடுப்பேன். கூட்டத்துக்குப் போகும் குரலைக் குறைத்து, டிராக்கை ஏற்றிவிடுவேன். வீட்டில் பாடும்போது குரல் பிசிறினால், மேடை ஏறினால் சரியாகிடுமுங்க என்பாள். அடுத்த மேடையில் எக்கோவை இன்னும் கொஞ்சம் கூட்டுவேன்.

காந்திபுரத்துக் கடையில் அவள் கையகலத்தில் ஒன்றை எடுத்தாள். அதில் அந்தக் குமிழ் இல்லை. நான் பெரியதைக் கேட்டேன். எதற்கு என்றாள். சானல் அது இது என்று உளறினேன். கடைக்காரர் எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு பெரியதை முன்னால் நகர்த்தினார்.

"இதுல மானிட்டர் தனிங்க அம்மணி. வெளிய எப்படிக் கேட்டாலும், உங்களுக்கு வேற மாதிரி வெச்சுக்கலாமுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். நேராகப் பார்த்திருந்தால் சமாளித்திருக்கலாம். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் கண் எப்போது கீழே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

சின்னதையே வாங்கினோம். அதைக் கைப்பைக்குள் அவளே வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தொண்டாமுத்தூரில் ஒரு காதுகுத்து. மானிட்டர் வேண்டாம் என்று கழற்றிவிட்டு, கூட்டத்துக்குப் போகும் ஸ்பீக்கரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். அவள் குரலைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை. இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை, கடைசி வரி வரை பாடி முடித்தாள். கைதட்டினார்கள். மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"மூணு வருசமா நாந்தான் பாடுறேன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த டிராக் ஓட ஆரம்பித்திருந்தது. அது இருவர் பாடுகிற பாட்டு. அவள் போய்க் கூட்டத்தோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வரிகளையும் நானே பாடினேன்.