ஊசிக்கு முன் நான் சொன்ன பொய்

அன்று மதியம் ஆஸ்பத்திரியில் நான், வாய் கோணிப் படுத்திருந்த என் வீட்டுக்காரர், டாக்டர், ஒரு நர்ஸ், நான்கு பேர்தான் இருந்தோம்.

"எப்பம்மா ஆரம்பிச்சது?" என்றார் டாக்டர். தாமதமாக வந்ததற்குத் திட்டுவாரோ என்று பயந்து, "தறி ஓட்டறப்பத்தானுங்க, ஒரு மணி நேரந்தான் ஆச்சுங்க" என்றேன். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

நர்ஸ் என் கையைப் பிடித்தார். "யாரும் திட்டமாட்டாங்க அக்கா. அண்ணன் கடைசியா எப்ப நல்லாப் பேசுனாரு? தறி ஓட்டறப்பவா?"

"இல்லீங்க. காலையில டீ குடிக்கறப்பவே கை வரலீங்க. படுத்தாச் சரியாயிரும்னாரு" என்று அழுதுவிட்டேன்.

நேரம் கடந்தபின் அந்த ஊசி போட்டால் மூளையில் ரத்தம் கசியக்கூடுமாம். டாக்டர் அதை நிறுத்திவிட்டு வேறு சிகிச்சை தொடங்கினார்.

"பயத்துல நேரத்தை மாத்திச் சொல்லுவாங்கன்னு எங்க பயிற்சியிலயே சொல்லிக்குடுத்தாங்க அக்கா" என்றார் நர்ஸ்.

எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்குப் படித்தவர்கள் என்றாலே பயம். இன்று வீட்டுக்காரர் கோலூன்றி நடக்கிறார். பயந்தவளிடம் எப்படிக் கேட்பது என்று அந்தப் பெண்ணுக்குக் கற்றுத்தந்தவர் யாரோ, அவரையும் நினைத்துக்கொள்கிறேன்.