ஒற்றை மணி

அந்தத் தெருவில் எல்லாரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எம்பிராய்டரி மெஷின்களுக்காகக் கம்ப்யூட்டரில் பூவும் கொடியும் வரைந்து கொடுப்பது அவள் தொழில். சுருக்கென்று குத்திவிடும் வாய் இன்னொரு காரணம்.

வீட்டுக் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். யாருடைய பென் டிரைவும் அதைத் தொட முடியாது. வேலையின் நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்தால், உடனே கழற்றி அலமாரியில் வைத்துவிடுவாள். "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு மேடம்" என்று எவனாவது போன் செய்தால், "அப்படியா? இப்ப அது என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க, நானும் பாக்கறேன்" என்பாள். அவனே வைத்துவிடுவான்.

கேள்வி கேட்காமல் உள்ளே வர ஒருத்திக்கு மட்டுமே உரிமை இருந்தது. அவள் நாத்தனார். தெருக்கோடி வீட்டில் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுபவள். மெயிலில் எதையாவது அனுப்பினால் போனில் ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவாள். அனுப்பியது நான்தான், திறக்கலாம் என்று பொருள். மணி அடிக்காமல் வந்தது குப்பைக்குப் போகும்.

"ஒரே தெருவுல இருந்துக்கிட்டு ஒற்றர் வேலை பாக்கறீங்களே" என்று வீட்டுக்காரர் சிரிப்பார்.

"அவதான்னு தெரிஞ்சாதான் திறப்பேன்" என்பாள் ஊசியக்கா.

ஒருநாள் நாத்தனார் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சிருக்கீங்கல்ல?"

"இருக்கு. ஏன்டி?"

"சும்மாதான். ஜாக்கிரதையா இருக்கணும்ல."

சொல்லிச் சொல்லி இப்போதாவது மண்டையில் ஏறியதே என்று ஊசியக்காவுக்கு மனம் குளிர்ந்தது.

மறுநாள் போன் ஒருமுறை அடித்து நின்றது. மெயில் வந்திருந்தது. திறக்கப் போனால், பாதுகாப்பு மென்பொருள் சிவப்புப் பெட்டியைக் காட்டித் தடுத்தது. "நீ சும்மா இரு, இவ நம்ம வீட்டுப் பொண்ணு" என்று அதை அதட்டிவிட்டு அனுமதித்தாள்.

கண்ணெதிரே அவள் வரைந்த ஒவ்வொரு பூவும் பூட்டிக்கொண்டது. திரை கறுத்தது. அதில் எழுத்துகள் தோன்றின.

ஐயோ, நாத்தனாரின் கம்ப்யூட்டரும் போயிருக்குமே, அது தெரியாமல்தான் அனுப்பிவிட்டாளோ என்று பதறிச் செருப்பைத் தேடினாள். போகும்முன் திரையைக் கடைசி வரி வரை படித்தாள். பணம் கட்டு; இல்லையென்றால் இதைத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பு, அவர் திறந்துவிட்டால் உன் பூட்டு இலவசமாகத் திறக்கும் என்று இருந்தது.

செருப்புப் போடாமலேயே நடந்தாள். தெருக்கோடியை நெருங்கும்போதே மெஷின் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது.

அவளைப் பார்த்ததும் நாத்தனார் மெஷினை நிறுத்தினாள்.

"உனக்கு எப்ப வந்துச்சு?"

"நாலு நாளாச்சு அண்ணி. எல்லாம் பூட்டிக்கிச்சு. நான் காப்பியே எடுத்து வைக்கல."

"என் டிஸ்க்ல பாதி உனக்கு வரைஞ்சதுதானே. கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா?"

"திட்டுவீங்கன்னு பயந்தேன். உங்ககிட்டதான் காப்பி இருக்கே, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு..."

"அதுக்குத்தான் நேத்து வந்து கேட்டியா?"

நாத்தனார் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். "வேற யாருக்கு அனுப்பினாலும் திறக்க மாட்டாங்க அண்ணி. நீங்கதான் என்னை நம்புவீங்க."

ஊசியக்கா திரும்பி நடந்தாள்.

வீட்டில் கறுத்த திரை அப்படியே இருந்தது. ஊசியக்காவை நம்பித் திறப்பவர்களும் இருந்தார்கள். அவளிடம் டிசைன் வாங்கும் தையல்கடைக்காரரின் முகம் ஒருகணம் வந்து போனது. இணைய வயரைப் பிடுங்கிப் போட்டாள். கம்ப்யூட்டரை அடியோடு அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, டிஸ்க்கைச் செருகினாள். பழையவை வந்தன. நகல் எடுத்த பிறகு திரைச்சீலைக்காக வரைந்த கொடி வரவில்லை. அதில் ஒவ்வோர் இலைக்கும் தையல் வேறு வேறு பக்கம் சாயும். முதல் இலையிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

கொடி பாதி வளர்ந்திருந்தபோது போன் ஒருமுறை அடித்து நின்றது. இரண்டாவது மணிக்காகக் காத்திருந்தாள். அடிக்கவில்லை. மெயில் மட்டும் வந்து கிடந்தது.

"தங்கச்சிதான் அடிச்சிருக்கா. திறந்து பாரேன்" என்றார் வீட்டுக்காரர்.

"அவதான்னு தெரியுது" என்றாள் ஊசியக்கா, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதான் திறக்கல."