அடியில் ஒட்டியிருந்த சீட்டு

புனேயின் அக்டோபர் விடியற்காலைகள் எனக்கு இன்றும் பாதிக் கனவாகத்தான் ஞாபகம் வருகின்றன. விவசாயக் கண்காட்சி மைதானத்தில் பந்தல்களின் வெள்ளைத் துணி எது, பனி எது என்றே தெரியாது. புது டிராக்டரின் பெயின்ட் வாசனையோடு சாமந்தி வாசனையும் மிதந்து வரும். எங்கோ ஓர் ஒலிபெருக்கி "ஹலோ, ஹலோ" என்று யாருமில்லாத மைதானத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

பெரிய பஞ்சம் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. நான் விவசாயத் துறையில் குமாஸ்தா. கண்காட்சி வந்தால் எங்கள் துறைப் பந்தல் என் தலையில்தான் விழும். வேடிக்கை பார்க்கிற இடம் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். விதை ஒப்பந்தம் அங்கேதான் முடிவாகும் என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் பந்தலில் வைக்கும் காய்ப் போட்டியில் எந்த ஊர்க் காய் நன்றாக இருக்கிறதோ அந்த ஊருக்குத் துறை உரமும் யோசனையும் கொடுக்கும். அவர்கள் விளைவிக்கும் விதையைத் துறையே எடுத்துக்கொள்ளும். ஆபீஸ் படிகளில் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் பார்க்க முடியாத விதை அதிகாரி, அந்த நாட்களில் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்.

அந்த வருடம் திறப்பு விழா ஆயுத பூஜையன்று வந்தது. ஆபீஸ்காரர்கள் டிராக்டருக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. இத்தனை பேர் கண் படுகிற இடத்தில் நம் ஊர் வழக்கப்படி பூசணிக்காய் சுற்றி உடைக்காமல் எப்படி? வெள்ளைப் பூசணி ஒன்று வாங்கி வரும்படி பியூனிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன்.

பந்தல் மூலையில் சாக்கின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அடேயப்பா, என்ன காய் அது! சாம்பல் பூத்து, கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது. பரவாயில்லையே, பார்த்து வாங்கியிருக்கிறானே என்று பியூனை மனசுக்குள் மெச்சினேன். மேலே ஒரு துண்டு வெட்டி, குங்குமத்தைக் கொட்டி, சூடம் ஏற்றி, டிராக்டரை மூன்று சுற்று சுற்றினேன். பிறகு வாசலில் ஓங்கிப் போட்டேன்.

சிதறிய வெள்ளைத் துண்டுகளுக்கு அந்தப் பக்கம் என் வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். ஒன்பது கஜப் புடவை, கையில் டீ. அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, ஒரு துண்டைத் திருப்பினாள். காயின் அடிப்பக்கம் அது. ஊர்ப் பெயரும் போட்டி எண்ணும் எழுதிய சீட்டு அதில் ஒட்டியிருந்தது.

பக்கத்துப் பந்தல்காரர் விவரம் சொன்னார். திவே காட் மலைப்பாதைக்கு அப்பால் அவள் ஊர். பஞ்சத்தில் கிணறு வற்றிப் பாதி ஊர் பிழைக்கப் போய்விட்டது. மிச்சமிருந்த ஆறு குடும்பங்கள் மாறி மாறித் தண்ணீர் சுமந்து காப்பாற்றிய கொடியில் காய்த்த காய் அது. ஒப்பந்தம் கிடைத்தால் போனவர்களை வரச் சொல்லலாம் என்றுதான் முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

அப்போதுதான் பியூன் தேங்காய் அளவில் ஒரு பூசணியோடு வந்து சேர்ந்தான். எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். அவனைக் கண்டபடி திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தே திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அதிகாரி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முழுக் காயைத்தான் எடை போட முடியும், இது போட்டியில் இல்லை என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. அந்தப் பெண் விதைகளைப் பொறுக்கி, குங்குமம் போகப் புடவைத் தலைப்பில் துடைத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே மராத்தியில் கேட்டாள்:

"எடையை வச்சு என்ன சாஹேப் செய்யப் போறீங்க? மண்ணுல போடப் போறது இதைத்தானே?"

அதிகாரி பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் எதிரே குந்தினார். ஒரு விதையை நகத்தால் பிளந்தார், இன்னொன்றைக் கடித்தார். பரிசுக்கு முதலில் நின்ற காயையும் வெட்டச் சொன்னார். அதில் பாதி விதை பொக்கு. பரிசு விதிப்படி அந்தக் காய்க்கே போயிற்று. ஒப்பந்தம் இவள் ஊருக்கு.

வீட்டில் சொன்னபோது என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இனிமே எதைத் தூக்கினாலும் அடியில ஒரு தடவை பாத்துத் தொலைங்க" என்றாள்.

அடுத்த வருடமும் அதே பனி, அதே சாமந்தி. அவள் தனியாக வரவில்லை. திரும்பி வந்த குடும்பங்களும் கூடவே வந்து, பனி விலகிய வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றன. இரண்டு பூசணி கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றைச் சாக்கின் மேல் வைத்தாள். அதைவிடப் பெரியதை என் கையில் கொடுத்தாள்.

நான் முதல் வேலையாகத் திருப்பி அடியில் பார்த்தேன். சீட்டு இருந்தது. பென்சிலால், கோணல்மாணலான மராத்தி எழுத்தில், "உடைப்பதற்கு" என்று எழுதியிருந்தது.