பனித்தளத்தில் சுமதி கை தூக்கிய நாள்

ராஸ் அல் கைமாவிலிருந்து துபாய்க்குக் கர்லிங் என்ற ஐஸ் விளையாட்டைப் பார்க்கப் போவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் போனது ஒரே ஒரு முறைதான். மூன்று வருடங்களுக்கு முன், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. தேசிய அளவிலான பெண்கள் கர்லிங் போட்டியின் இறுதி ஆட்டம். ஆடியவர்களில் ஒருத்தி என் மனைவி சுமதி.

மதுரைக்காரிக்கு ஐஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு முந்தைய வருடம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை ஏழாம் மாதத்திலேயே உயிரில்லாமல் பிறந்தது. அதன் பிறகு சுமதி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சமைப்பாள், துணி மடிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட பிலிப்பினோ நர்ஸ் மாரிசெல் ஒருநாள் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, "அரை நாள் என்னோடு வா" என்று துபாயில் தான் கர்லிங் ஆடும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து வாரம் ஒருமுறை மாரிசெல்லின் காரில் இருவரும் துபாய் போய் வந்தார்கள். இங்கே இந்த ஆட்டம் ஆடுகிறவர்களே குறைவு. அதனால் ரெசிடென்ஸ் விசா உள்ள பெண்களும் சேரலாம் என்று அந்த வருடம் விட்டிருந்தார்கள்.

எனக்கு செராமிக் ஃபேக்டரியில் சூளைப் பிரிவில் சூப்பர்வைசர் வேலை. சூளையை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. அவள் ஆட்டத்தைப் பார்க்க வருகிறேன் என்று மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் டூட்டி என்று தங்கிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு நண்பரை டூட்டி மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, காலை பத்தரைக்கு ராஸ் அல் கைமா பஸ் நிலையத்தில் ஏறினேன். டிக்கெட் 27 திர்ஹம். சுமார் 110 கிலோமீட்டர். ஷார்ஜா நெரிசலையும் சேர்த்து இரண்டு மணி நேரம். இறங்கி டாக்ஸி பிடித்தேன். ஐஸ் அரங்கம் கிடங்குகள் நிறைந்த பகுதியில் இருந்தது, போய்ச் சேர்ந்தபோது மீட்டர் 42 திர்ஹம் காட்டியது. டிரைவர் பெஷாவர்க்காரர். எதற்குப் போகிறேன் என்று கேட்டார். ஐஸில் கல்லைத் தள்ளி, தூரத்து வட்டத்தின் நடுவில் நிறுத்துகிற ஆட்டம், கல்லுக்கு முன்னால் பிரஷ்ஷால் தேய்த்தால் அது இன்னும் கொஞ்சம் தூரம் போகும், அதில் என் மனைவி ஆடுகிறாள் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

"வீட்டிலும் பெருக்கி, அங்கேயும் பெருக்குவாங்களா பாய்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இறங்கும்போது, "உங்க வீட்டம்மா ஜெயிக்க துவா செய்றேன்" என்றார்.

நுழைவு இலவசம். தடித்த கோட் வாடகை 15 திர்ஹம். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு நான் ஒன்றேகாலுக்கே போய்விட்டேன். ஐஸைப் பராமரிக்கிறவர் ராமநாதபுரத்து அன்சாரி பாய். தமிழ் கேட்டதும் தன் பெஞ்சிலேயே இடம் கொடுத்தார்.

"ஐம்பது டிகிரி வெயில் அடிக்கிற ஊர்ல எனக்கு ஐஸ் பாக்குற வேலண்ணே. ஊர்ல சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

மாரிசெல்லோடு முன்பே வந்து ஐஸில் நின்றிருந்த சுமதி என்னைப் பார்த்தாள். கையை அசைக்கவில்லை. பிரஷ்ஷை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஹார்ட்! ஹார்ட்!" என்று ஒருத்தி கத்துகிறாள். வேகமாகத் தேய்க்கச் சொல்லும் குரல். யாரென்று தேடினால் சுமதி. எங்கள் வீட்டில் குக்கர் விசில்தான் பெரிய சத்தம் என்று ஆகிப்போன ஒரு வருடத்துக்குப் பிறகு, அவள் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டேன். அன்சாரி பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

கடைசிச் சுற்றில் இரண்டு அணியும் சமம். மிச்சம் ஒரே ஒரு கல், இவர்களுடையது. எதிரணியின் கல் வட்டத்துக்குள் கிடக்கிறது. அதைவிட நடுவுக்குப் பக்கத்தில் இவர்கள் கல் நின்றால் பட்டம். மாரிசெல் குனிந்து, சறுக்கி, கல்லை விட்டார். சுமதியும் இன்னொரு பெண்ணும் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். பாதித் தூரத்தில் சுமதி சட்டென்று நின்று கையைத் தூக்கினாள். எல்லாருடைய கண்ணும் கல் மேல். அது மெல்லப் போய் நட்ட நடுவில் நின்றது. கைதட்டல் எழுந்தது. நானும் எழுந்து தட்டினேன்.

"அண்ணே, உக்காருங்க," என்றார் அன்சாரி பாய். "அந்தப் பொண்ணு கையத் தூக்கிருச்சு. ஓடுற கல்லுல பிரஷ் பட்டா அந்தக் கல்லு கணக்குல கெடையாது. பட்டவங்கதான் சொல்லணும்."

"யாராவது பார்த்தாங்களா?"

"நான் பாக்கல. யாருமே பாத்திருக்க மாட்டாங்க."

மாரிசெல் சுமதியிடம் போய் ஏதோ கேட்டார். சுமதி ஆமென்று தலையாட்டினாள். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை தலையாட்டினாள். மாரிசெல் திரும்பி நடந்துபோய், தான் விட்ட கல்லைத் தன் காலாலேயே வட்டத்துக்கு வெளியே தள்ளினார். எதிரணியின் கல்லே நடுவுக்குப் பக்கத்தில் என்று ஆக, ஒரு புள்ளியில் தோற்றார்கள். எதிரணிப் பெண்கள் முதலில் வந்து கட்டிக்கொண்டது சுமதியைத்தான்.

வெளியே வந்து வெயிலில் ஒரு திண்டில் உட்கார்ந்தோம். கரக் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

"கோவமாங்க? இவ்ளோ தூரம் வந்தீங்க."

"இல்ல சுமதி. லேசா பட்டுச்சா?"

"லேசாத்தான். ஆனா கையில தெரிஞ்சிருச்சு. சொல்லாம இருந்தா அப்புறம் எப்டிங்க அந்தக் கப்பப் பாக்குறது?" டீயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லாம வச்சிருக்கேன். பாப்பாவுக்கு ஒரு பேரு வச்சிருந்தேன்."

ஆஸ்பத்திரி ஃபாரத்தில் நான் 'சுமதியின் குழந்தை' என்றுதான் எழுதியிருந்தேன். பெயர் எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

"என்ன பேரு?"

சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. மாரிசெல்லின் காரில் பின்சீட்டில் திரும்பி வந்தோம். வழியெல்லாம் எனக்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தபடி இருந்தேன். கேட்டுவிட்டாளோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு சேர ஏழு மணி ஆனது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனி, ஞாயிறில் பஸ் நிறைந்துவிடும், அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். தடித்த சாக்ஸ் கட்டாயம், குளிர் காலில்தான் ஏறும். ஊர் திரும்பக் கடைசி பஸ் எப்போது என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அரங்கத்தின் மாடியில் காபிக் கடை இருக்கிறது. கண்ணாடி வழியாக ஆட்டம் முழுதும் தெரியும், குளிராது. ஆனால் அங்கே சத்தம் கேட்காது. உங்கள் வீட்டுப் பெண் ஆடுகிறாள் என்றால், நடுங்கினாலும் பரவாயில்லை, கீழேயே உட்காருங்கள்.