சீல் குத்திய கடுதாசி

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் மொன்றியல் டோர்வலில் ஒரு கிச்சினில் பதினெட்டு வருடம் நின்றவள் நான். நின்றவள் என்பது சரியான சொல்தான், அங்கே யாரும் கதிரையில் இருந்து வேலை செய்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பகுதியை மூடுகிறோம் என்று ஆளுக்கொரு கடிதமும் ஒரு துண்டுக் கேக்கும் தந்து அனுப்பிவிட்டார்கள். கேக்கை பஸ்சிலேயே தின்று முடித்தேன். கடிதத்தை வாசித்த மகள், "ஷொமாஜ் வரும் அம்மா, யோசிக்காதேங்கோ" என்றாள். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொஞ்சக் காலம் தருகிற காசுக்கு மொன்றியலில் எங்கள் ஆட்களும் அந்தப் பிரெஞ்சுப் பெயரைத்தான் சொல்லுவோம்.

அந்தக் காசு சும்மா வராது. வேலை தேட வேண்டும். தேடியதற்கு அத்தாட்சியும் வைத்திருக்க வேண்டும். எந்தத் திகதி, எந்த இடம், யாரோடு கதைத்தாய், என்ன சொன்னார்கள் என்று நாலு கட்டம். மகள் ஒரு கொப்பியில் கோடு இழுத்துத் தந்தாள். கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும் பேக்கரி, முதியோர் இல்லம், பள்ளிக்கூடக் கன்ரீன் என்று ஒன்றும் விடாமல் ஏறி இறங்கினேன். ஐம்பத்தாறு வயதில், என் மகளைவிட இளைய மனேஜர்கள் முன்னால் போய் நின்று பல்லைக் காட்டுவது எப்படி இருக்கும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நாலாவது கட்டத்தில் எப்போதும் ஒரே பதில்தான்: "கோல் எடுக்கிறோம் என்றார்கள்." எந்த ஃபோனும் வரவில்லை.

அப்போதுதான் அண்ணையிடம் போனேன். கூடப் பிறந்தவர் இல்லை. என் கணவரின் ஊர்க்காரர். கனடாவுக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டு ஹோலில் ஒரு வருடம் படுத்தவர். கணவர் செத்தபோது, அந்தியேட்டி முடியும்வரை முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டுச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டவரும் அவர்தான். அதை நான் மறக்கவில்லை, இப்போதும் மறக்கவில்லை. ரொக்ஸ்பரோவில் அவருக்கு ஒரு கிச்சின் இருக்கிறது. ரோல்ஸ், பற்றிஸ், வடை செய்து தமிழ்க் கடைகளுக்குப் போடுகிறார்.

"அண்ணை, உங்களிட்டை எனக்கு ஏதும் வேலை இருக்கோ? ரோல்ஸ் சுத்தவும் வரும், பாத்திரம் கழுவவும் வரும்" என்று நேரே கேட்டேன். கூசிக் கூசித்தான் கேட்டேன்.

"இப்ப ஆள் எடுக்கிற நிலைமை இல்லைத் தங்கச்சி. யாவாரம் படுத்துப்போச்சு" என்றார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். ஷொமாஜ்காரர் கேட்டாலும் எண்டு நான் ஒரு கடுதாசி தாறன். இரும்."

பிளேன்டீயும் சூட்டோடு இரண்டு ரோல்ஸும் வந்தன. தின்று முடிப்பதற்குள், பிரெஞ்சில் அடித்த கடுதாசி இரண்டு பிரதியாக வந்தது. "நீர் வந்து வேலை கேட்டதுக்கு இது அத்தாட்சி. இதிலை ஒரு கையெழுத்து வையும்" என்றார்.

எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் கதைக்க வரும், வாசிக்க வராது. ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. வங்கிக்காரன் நீட்டும் கடுதாசியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்போம். எங்கள் ஆள் நீட்டினால் வாசிக்க மாட்டோம். வாசித்தால், உன்னை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது போலாகிவிடும். அதுவும் என் வீட்டு அடுப்படியில் முப்பத்தொரு நாள் நின்ற மனிசனிடம். பேனையை வாங்கி இரண்டிலும் கையெழுத்து வைத்தேன். அவர் தன் கிச்சினின் சீலை எடுத்துக் குத்தி, ஒரு பிரதியை என்னிடம் தந்தார்.

"வீட்டிலை பத்திரமா வைச்சிரும்" என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து, வேலை தேடியதற்கான அத்தாட்சிகளோடு வரச்சொல்லி ஷொமாஜ் கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. எனக்குப் பயமே இல்லை. கொப்பியில் இருந்ததெல்லாம் என் கைப்பட எழுதியது. அதை நம்பலாம், நம்பாமலும் விடலாம். ஆனால் சீல் குத்திய கடுதாசி ஒன்று என்னிடம் இருந்தது. விதானையாரின் சீல் இல்லாமல் ஓர் அலுவலும் நடக்காத ஊரில் பிறந்தவள் நான். ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே அதைத்தான் வைத்தேன்.

அதிகாரி ஓர் இளம் பெண். குறை சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் கதைத்தாள். ஃபைலைத் திறந்து முதல் கடுதாசியை எடுத்து வாசித்தாள். அதை என் கண் முன்னால் வாசித்த முதல் ஆள் அவள். வாசித்து முடித்துவிட்டு மறுபடி வாசித்தாள். பிறகு எனக்கு விளங்கும்படி எளிய ஆங்கிலத்தில், "முழுநேர வேலை தந்திருக்கிறார்களே, ஏன் வேண்டாம் என்றீர்கள்?" என்று கேட்டாள்.

"யார் தந்தது?" என்றேன்.

கடுதாசியை என் பக்கம் திருப்பி, வரி வரியாக விரல் வைத்துச் சொன்னாள். இந்தக் கிச்சினில் எனக்கு முழுநேர வேலை தரப்பட்டது. சொந்தக் காரணங்களுக்காக அதை நான் ஏற்கவில்லை. கீழே என் கையெழுத்து, பக்கத்தில் சீல். இல்லை, இல்லை என்று தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அவள் எதையோ எழுதிக்கொண்டாள்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. தகுந்த வேலையை மறுத்தபடியால் காசு நிறுத்தப்படுகிறது. ஒத்துக்கொள்ளாவிட்டால் முப்பது நாளுக்குள் மறுபரிசீலனைக்கு எழுதலாம். வீட்டு வாடகை அந்தக் காசில்தான் போய்க்கொண்டிருந்தது. "வாசிக்காமலா சைன் பண்ணினனீங்கள்?" என்று மகள் கேட்டாள். அவள் இந்த ஊரில் பிறந்த பிள்ளை.

இரண்டு பஸ் மாறி ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். அண்ணை மா பிசைந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, நான் எப்ப உங்கடை வேலையை வேண்டாமெண்டனான்?"

கையைத் துடைத்தார். "அதை ஏன் அங்கை கொண்டுபோனனீர்? வீட்டிலை வைக்கச் சொன்னனான்தானே" என்றார். பாருங்கள், பிழை என்னுடையதாகிவிட்டது.

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. மனைவியின் தம்பியை ஊரிலிருந்து வேலைக்கு எடுக்கிறாராம். அதற்கு, இங்கே ஆள் தேடி வேலை தந்தும் ஒருவரும் வரவில்லை என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டுமாம். "வெளியாளிட்டை இதைக் கேக்கேலுமே? நீர் எங்கடை ஆள் எண்டபடியால்தான்..." என்று இழுத்தார்.

"அப்ப வேலை இருந்தது" என்றேன்.

அவர் மாவைப் பார்த்தார்.

காசு நின்றது ஒருபக்கம். வேலை இருந்திருக்கிறது. நான் ஊரெல்லாம் பல்லைக் காட்டித் திரிந்த நாட்களில், எனக்குக் கைவந்த வேலை இந்த மேசைக்கருகே கிடந்திருக்கிறது. அது இல்லையென்று சொல்லி, ரோல்ஸ் தந்து, என் கையாலேயே என்னை வெட்டியிருக்கிறார். முன்பின் தெரியாதவன் என் தலையில் மிளகாய் அரைத்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

மகள் எழுதித் தந்த கடுதாசியை எடுத்து நீட்டினேன். "அண்டைக்கு வேலை இல்லையெண்டு சொன்னனீங்கள். அது மட்டும்தான் இதிலை இருக்கு. உங்கடை மச்சானைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையெழுத்து வைச்சுத் தாங்கோ அண்ணை. என்ரை வீட்டு வாடகை இதிலைதான் கிடக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வெளிச்சத்துக்குக் கிட்டப் போனார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மேலிருந்து மறுபடி தொடங்கினார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"லோயருக்கு ஒருக்கால் காட்டிப்போட்டுக் கோல் எடுக்கிறன், தங்கச்சி" என்று கடுதாசியைத் திருப்பித் தந்தார்.

முப்பதாம் நாள் மகள் என் மனுவை அனுப்பினாள். அதில் என் சொல் மட்டும்தான் இருந்தது.