கனடாவுக்கு வந்த மொய்

கல்யாணத்துக்கு முன்னால் நான் கனடாவுக்குப் போகக் கையில் இருந்த பணம் போதுமானதாக இருந்தது. தாலி ஏறியதும் அதே பணம் போதாமல் போனது. இதை என் கணவரிடம் சொன்னபோது, “அப்ப நான் உனக்கு நஷ்டம்னு சொல்றியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் பேசிக்கொள்கிற பேச்சு இல்லைதான். ஆனால் கேட்டால் உண்மையைத்தானே சொல்ல முடியும்.

விஷயம் இதுதான். தொழில் திறமையை வைத்து அந்த நாட்டில் குடியேற விண்ணப்பிப்பவர்கள், போய் இறங்கிக் காலூன்றும் வரை சமாளிக்கப் பணம் இருக்கிறது என்று வங்கிக் கடிதத்தோடு காட்ட வேண்டும். தனி ஆளுக்கு ஒரு தொகை. கணவன் மனைவி என்றால் அதைவிடப் பெரிய தொகை. கணவர் கூட வரவில்லை, ராஜகீழ்ப்பாக்கத்திலேயே உட்கார்ந்து அம்மா கையால் சாப்பிடப் போகிறார் என்றாலும் அவரையும் சேர்த்துத்தான் கணக்கு. நகையைக் காட்ட முடியாது, மனையைக் காட்ட முடியாது. கடன் வாங்கிக் காட்டவே கூடாது.

நான் பிசியோதெரபிஸ்ட். மேடவாக்கத்தில் ஒரு மருத்துவமனையில் முதுகுவலிக்காரர்களைக் குனிய வைத்து நிமிர வைப்பது என் வேலை. வேலை முடிந்து வந்து படித்து, ஆங்கிலத் தேர்வு எழுதி, அதில் ஒருமுறை மண்ணைக் கவ்வி, மறுபடி எழுதி, ஒருவழியாக விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. இரண்டு மாதத்துக்குள் எல்லாக் காகிதங்களையும் ஏற்றியாக வேண்டும். தவறினால் அதற்குள் என் பிறந்தநாள் வந்துவிடும், வயதுக்கான மதிப்பெண் இறங்கிவிடும், இன்னொரு அழைப்பு வருவது சந்தேகம். இத்தனை வருடப் பாடும் ஒரு வங்கிக் கடிதத்தில் வந்து நின்றது. குறைந்ததோ மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. கல்யாண மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் அதைவிட அதிகமாகவே செலவழித்திருந்தோம். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இதை ஒருநாள் சாப்பிடும்போது மாமியாரிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் ரசம் ஊற்றினார். பாத்திரம் கழுவி முடித்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். “பிள்ளைங்க கனடா போறாங்க. பேங்க்ல பணம் காட்டணுமாம். கொஞ்சம் குறையுது.” கீழே எங்கள் கூட்டுக் கணக்கின் எண்ணையும் போட்டுவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, “நான் யார்கிட்டயும் கேக்கலம்மா. சொன்னேன், அவ்ளோதான்” என்றார்.

மறுநாள் ஒரு பெரியவரின் முழங்காலை மடக்கிக்கொண்டிருக்கும்போது என் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. பத்தாயிரத்து ஒன்று. ஐயாயிரத்து ஒன்று. மறுபடி ஐயாயிரத்து ஒன்று. குரோம்பேட்டை சித்தி, பல்லாவரம் மாமா, யார் என்றே எனக்குத் தெரியாத ஒருவர். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறோமே என்று பெருமையாகவே இருந்தது. முழங்கால்காரர் மட்டும் “போனைப் பாத்துட்டு வந்துடும்மா, கால் மடங்கினபடியே நிக்குது” என்றார்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் மாடியில் அலுவலகம் வைத்து இந்த விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு மேடம்தான் என் பெருமையை இறக்கி வைத்தார். வங்கிக் கணக்கைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“என்னம்மா இது, வந்த பணம் எல்லாம் ஒண்ணுல முடியுது? சீட்டு ஏதாவது எடுத்தீங்களா?”

“இல்ல மேடம். மொய்.”

“கல்யாணம் ஆகி ஆறு மாசம் ஆச்சுன்னீங்க.”

“இது கனடாவுக்கு வெச்ச மொய் மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. திடீரென்று வந்த பணத்தை அங்கே கடன் என்றுதான் சந்தேகப்படுவார்கள் என்றார். ஒன்று, கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் ‘இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை’ என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் வந்த வழியே போக வேண்டும். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

முதலில் குரோம்பேட்டை சித்தி வீடு. மாமியாரின் தங்கை. காபி கொடுத்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, தாளை வரி வரியாகப் படித்தார். ஒரு வரியில் நின்றுவிட்டார்.

“திருப்பித் தர வேணாம்னு இருக்கே. தை மாசம் பேத்திக்குக் காது குத்து வெச்சிருக்கேன். நீங்க செய்ய மாட்டீங்களா?”

“ஐயோ, செய்வோம் சித்தி.”

“அப்ப வேணாம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? பொய் ஆயிடாதா?”

வாய்க்கு வாய் பேசுகிறவள் நான், அன்றைக்குத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். சித்தி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மொய் என்றால் இன்றைக்கு அவர்கள் வைப்பது, நாளைக்கு நாம் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைப்பது. அன்பளிப்பு என்றால் அன்பளிப்புதான். கடன் என்றால் கடன்தான். இதை அந்த நாட்டு அதிகாரிக்கு எந்தப் பெட்டியில் டிக் அடித்து விளக்குவது?

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பல்லாவரம் மாமாவுக்குப் போன் செய்தார் என் கணவர். அதோடு தீர்ந்தது. “வெச்ச மொய்யைத் திருப்பி மூஞ்சில அடிக்கிறியாடா? அப்ப உறவு வேணாம்னு சொல்லிடு” என்று மாமா போனை வைத்துவிட்டார். கையெழுத்தும் கிடைக்காது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் மாமியாரிடம் கத்தினேன், அவர் என்னிடம் கத்தினார், என் கணவர் தெருவில் போய் நின்றுகொண்டார்.

விடிந்ததும் மாமியாரே வழி சொன்னார். “மொய்யைத் திருப்பிக் குடுத்தாத்தான் தப்பு. திருப்பிச் செஞ்சா தப்பு இல்லையே. தை மாசம் நீங்க கனடால இருப்பீங்க. இப்பவே செஞ்சுட்டுப் போறோம்னு சொல்லுங்க.”

அவர் காலில் விழலாம் போல இருந்தது. தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, கவரில் பணம். நடக்காத காது குத்துக்கும், இன்னும் கூரை போடாத வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கும், பெண்ணே பார்க்காத பையனின் கல்யாணத்துக்கும் முன்கூட்டியே மொய் வைத்துக்கொண்டு போனோம். எல்லோருக்கும் பரம சந்தோஷம். பல்லாவரம் மாமா எங்களை உட்கார வைத்து மீன் குழம்பு போட்டார். ஒரு வாரத்தில் வந்த மொய்யெல்லாம் திரும்பிப் போயிருந்தது, பாக்கி ஒரே ஒரு வரவு மட்டும்.

அது கோவளம் அத்தை போட்ட மூன்று லட்சத்து ஒன்று. அது ஒன்று கணக்கில் நின்றாலே எங்கள் குறை தீர்ந்துவிடும். என் மாமனாரின் அக்கா. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருக்கிறார். அவரும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், இவ்வளவு பெரிய தொகைக்கு எந்த விசேஷத்தைச் சொல்லித் திருப்பிச் செய்வது என்று பஸ்ஸில் போகும்போது நானும் கணவரும் யோசித்தோம். ஒன்றும் தோன்றவில்லை.

அத்தை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார். விஷயத்தைச் சுற்றி வளைத்து நான் சொல்லி முடிப்பதற்குள், “இன்னா, கையெழுத்துதானே? பேனா கீதா?” என்றார்.

“அத்தை, படிச்சுப் பாருங்க. திருப்பித் தர வேணாம்னு எழுதியிருக்கு.”

“எனக்கு இன்னாத்துக்கும்மா திருப்பி? உங்க எல்லார் வூட்டு விசேஷத்துக்கும் வெச்சிருக்கேன். என் வூட்ல யாருக்குக் காது குத்து, யாருக்குக் கல்யாணம்? இதுவரைக்கும் ஒரு மொய் எனக்குத் திரும்பி வந்தது கிடையாது. இதுல பொய் ஒண்ணும் இல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பந்தியில் அவரைப் பார்த்திருப்போம், எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவே இல்லையே. அத்தை எல்லாப் பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டோம்.

அந்த ஒரு பத்திரத்தோடு விண்ணப்பம் போனது. கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி வந்த அன்று மாமியார் அழுதார், பிறகு தெருவெல்லாம் கேசரி கொடுத்தார்.

கிளம்புவதற்கு முன்னால் மாமியார், அத்தையை மட்டும் விட்டுவிட்டுப் புதிதாக ஒரு குழு அமைத்து, அதில் மறுபடி ஒரு செய்தி போட்டார். இந்த முறை நான்தான் போடச் சொன்னேன். அத்தைக்கு எழுபது வயது, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் விசேஷம், குடும்பத்தோடு வாருங்கள். சாமியானா போட்டோம், பந்தி போட்டோம், மேசை நாற்காலி போட்டு மொய் எழுத ஆள் உட்கார வைத்தோம். அத்தைக்கு விஷயமே தெரியாது, சும்மா சாப்பிடக் கூப்பிடுகிறோம் என்று நினைத்து வந்தார்.

வராதவர்கள் இல்லை. குரோம்பேட்டை சித்தி முதல் ஆளாகக் கவரை நீட்டினார். பல்லாவரம் மாமா மோதிரமே போட்டார். அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியாமல் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணி, உக்காருங்க. இன்னைக்கு நீங்க வாங்கிக்கற நாள்” என்றார் மாமியார்.

“இத்தினி பேருக்கு நான் எப்பத் திருப்பிச் செய்யறது?” என்றார் அத்தை. மாடியே சிரித்தது.

கடைசியில் நானும் என் கணவரும் எங்கள் கவரோடு போய் நின்றோம். கொஞ்சம் கனமான கவர்தான். அத்தை என் கையைப் பிடித்து மடக்கி, கவரை என் இடுப்பிலேயே செருகிவிட்டார்.

“நீங்க வெக்காதீங்க. உங்ககிட்ட திருப்பி வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்ல? அது ஒண்ணுதான் நான் சும்மா குடுத்தது. அதைக் கெடுக்காத.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள், பின்னால் நின்ற யாரோ ஒருவரின் கவரை வாங்கக் கையை நீட்டிவிட்டார்.