ஞாயிறு வேலைநாளாக இருந்த ஊரில் ஓர் உலகப் போட்டி

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பேருந்து கிளம்பியது. ஜொகூர் பாரு முந்நூற்று முப்பது கிலோமீட்டர். கட்டணம் முப்பத்தைந்து ரிங்கிட். கணினிகள் தங்களுக்குள் சதுரங்கம் ஆடும் உலகப் போட்டியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். சதுரங்கத்தில் எனக்குத் தெரிந்தது குதிரை நேராகப் போகாது என்பது வரைதான். கணினி அதைவிடக் குறைவு. ஆனால் என் தங்கை கணவர் தனபாலன் போட்டியில் இருந்தார். ஹோட்டல் அறையில் ஒரு கட்டில் சும்மா கிடந்தது.

ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்தில் ஒன்றரை மணிக்கு இறங்கினேன். வாடகைக் கார் பன்னிரண்டு ரிங்கிட். ஓட்டுநர் நம்மவர். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டரே விளையாடுதா?"

"ஆமாம்."

"அலமாக்! அப்புறம் ஆளுங்க எதுக்குலா அண்ணே?"

அரங்கில் சதுரங்கம் ஆடும் பன்னிரண்டு கணினி நிரல்கள், ஆறு பலகைகள். திரையில் இயந்திரம் நகர்வைச் சொல்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் மரக்காயை நகர்த்திக் கடிகாரத்தை அமுக்குகிறார். மூளை ஒருவருடையது, கை மட்டும் நம்முடையது. கல்யாணமானவர்களுக்கு இது புதிதல்ல.

தனபாலன் இதே ஜொகூர் மாநிலத்தில், ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள லாயாங் லாயாங்கில் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். 'கட்டெறும்பு' என்ற நிரலைப் பதினொரு வருடமாக எழுதி வருகிறார். போட்டி ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவில், இங்கே பள்ளி நடக்கும் மாதங்களில் வரும். அவரால் ஒரு முறைகூடப் போக முடிந்ததில்லை. அடுத்த வருடம் எங்கே, எப்போது என்பதைக் கடைசி நாள் கூட்டத்தில் வாக்கெடுத்து முடிவு செய்வார்கள். நேரில் வந்த நிரலாசிரியர்களுக்கு மட்டுமே வாக்கு. அதாவது, வர முடிந்தவர்கள் கூடி, எங்கே வருவது என்று தீர்மானிப்பார்கள். அது அவர்களால் வர முடிந்த இடமாகவே அமைந்துவிடும். யாரும் சதி செய்யவில்லை. சதி என்றால் ஆளைப் பிடித்துச் சண்டையாவது போடலாம்.

ஐரோப்பாவில் ஏற்று நடத்த யாரும் முன்வராததால் இந்த முறை போட்டி ஜொகூருக்கே வந்துவிட்டது. கண்டம் விட்டுக் கண்டம் மாற்றி நடத்த வேண்டும், வர முடியாதவர்களும் வாக்களிக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து பேசத் தனபாலன் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். ஆனால் ஏற்பாட்டாளர் என்னைப் போலவே கோலாலம்பூர்க்காரர். 'எல்லாருக்கும் லீவு' என்று கடைசிச் சுற்றையும் கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டார். அப்போது ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளிக்கூடம்.

சனிக்கிழமையே இரண்டு சுற்று ஆடிவிடலாமா என்று தனபாலன் கேட்டுப் பார்த்தார். இன்னொரு நிரலாசிரியரான பின்லாந்துக்காரர் பெக்கா மறுத்தார். "அட்டவணை மூன்று மாதம் முன்பே வந்தது. இடையில் நிரலைச் சரிபார்க்க எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் வேண்டும். ஒருவருக்காக மாற்றினால் பதினொரு பேருக்கு அநியாயம்." அவர் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

அன்று மாலை ஏழு மணிக்குத் தோசைக் கடையில் தனபாலனிடம் கேட்டேன். "லீவு போட முடியாதா?"

"வருஷத்துக்கு ஏழு நாள்தான் மச்சான். திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நாலு போச்சு."

"மீதி மூணு?"

தனபாலன் சட்னியைப் பார்த்தார். சாப்பிட வந்திருந்த தங்கைதான் பதில் சொன்னாள். "உங்க மக கல்யாணத்துல மூணு நாள் பந்தக்காலைப் புடிச்சுக்கிட்டு நின்னாரே, அது யாரு லீவுண்ணே?"

அப்படித்தான் நான் கட்டெறும்பின் கை ஆனேன்.

"ஸ்கிரீன்ல வர்றதை அப்படியே நகர்த்துங்க. நீங்க யோசிக்கவே வேணாம்" என்றார் தனபாலன்.

"அதுல எனக்கு முப்பது வருஷ அனுபவம்."

"ஸ்கூல் ஒன்னு பத்துக்கு விடும். ரெண்டே காலுக்குள்ள வந்துருவேன். ஆனா கடைசி ஆட்டம் முடிஞ்ச கையோட கூட்டத்தை ஆரம்பிச்சிருவாங்க. அதுவரைக்கும் எப்படியாச்சும் இழுங்க மச்சான்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். எதிரே பெக்கா. ஆளுக்கு இரண்டரை மணி நேரம். பன்னிரண்டரைக்குள் மற்ற ஐந்து பலகைகளும் முடிந்துவிட்டன. கட்டெறும்பு தோற்றுக்கொண்டிருந்தது. திரை சொன்ன கட்டத்தைத் தேட எனக்கு இயல்பாகவே ஒரு நிமிடம் ஆகும். தேநீர் குடித்தபடி அதை மூன்றாக்கினேன். மணி ஒன்று முப்பத்தேழு. என் கடிகாரத்தில் மூன்று நிமிடம் மிச்சம்.

பெக்கா கேட்டார், "நீங்கள் உண்மையிலேயே இவ்வளவு மெதுவா?"

"பாதி உண்மை" என்றேன். மீதியையும் சொல்லிவிட்டேன்: ஞாயிறு, பள்ளிக்கூடம், ஏழு நாள் விடுப்பு, இரண்டு பக்கப் பேச்சு. காயை நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கினேன்.

அவருடைய திரையில் பதில் உடனே வந்தது. வெற்றிக்கு இன்னும் இரண்டே நகர்வு. பெக்கா ராணியை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"எனக்கு ஒரு மணி இருபது நிமிடம் மிச்சம் இருக்கிறது. அது என்னுடைய நேரம்" என்றார். ஏற்பாட்டாளர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெக்கா அசையவில்லை.

இரண்டு இருபத்திரண்டுக்குத் தனபாலன் பள்ளிச் சட்டையோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார். பெக்கா ராணியை நகர்த்தினார். மூன்று நிமிடத்தில் கட்டெறும்பு செத்தது.

தனபாலன் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். வாக்கெடுப்பு: எதிராக எட்டு, ஆதரவாக நான்கு. எதிராக உயர்ந்த கைகளில் ஒன்று பெக்காவுடையது. வாசலில் அவரைப் பிடித்துக் கேட்டே விட்டேன்.

"நேரம் அவருக்குத் தேவைப்பட்டது, கொடுத்தேன். யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை, எதிர்த்தேன்" என்றார். அடுத்த வருடமும் ஐரோப்பாதான்.

ஆறு மணிப் பேருந்துக்குத் தனபாலன் என்னை லார்க்கினில் கொண்டுவந்து விட்டார். கோலாலம்பூரில் வாரம் நாளைதான் தொடங்கும். அவருக்கு ஒரு நாள் ஏற்கெனவே முடிந்திருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "போகட்டும், நாலு பேர் கை தூக்கினாங்களே" என்றேன்.

"அதுல ஒன்னு என் கைதான் மச்சான்." பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "பதினோரு வருஷமா அந்தக் கூட்டத்துல தோத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னிக்குத்தான் நான் இருக்கறப்ப தோத்தேன்."